ஏட்டில் இல்லாத கிற்றார் இசை

பழைய ஸ்பானியக் கிற்றாருக்கு ஐந்து சோடித் தந்திகள். அவற்றை ஒவ்வொன்றாக மீட்டுவது ஒரு முறை. விரல்களை விரித்து எல்லாத் தந்திகளையும் ஒருசேர அடிப்பது மற்றொரு முறை. 'ரஸ்கெயாடோ' எனப்பட்ட இம்முறையே சாதாரண மக்களின் ஆடலுக்கும் பாடலுக்கும் துணையாயிற்று.

1606இல் மொந்தெசார்தோ என்பார் புளோரன்சில் வெளியிட்ட நூல், ஒவ்வொரு சுரக்கூட்டுக்கும் ஓர் எழுத்தைக் குறியாக்கியது. கோட்டின் மேலும் கீழும் எழுத்துகளை நிறுத்திக் கை செல்லும் திசையையும் காட்டியது. ஐந்தாண்டுகளின் பின், குதிரைலாயக்காரனும் வாசிக்கும் கருவியென ஸ்பானிய அகராதியாசிரியர் கொவார்ரூபியாஸ் கிற்றாரை இகழ்ந்தார். மக்களிடையே அது பரவியிருந்தமைக்கு அந்த இகழ்ச்சியே சான்று.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆறு தந்திக் கிற்றார் பரவவே, பழைய கருவி ஐரோப்பிய அரங்குகளிலிருந்து மறைந்தது. கடல் கடந்த அதன் வழித்தோன்றலோ, மெக்சிக்கோவின் வெராகுருஸ் கரையில் 'ஹரானா' என்ற பெயரில் வாழ்கிறது. மரமேடையில் ஆடுவோரின் காலடிக்கேற்ப அது இன்றும் அடித்தே இசைக்கப்படுகிறது.

விரல் எவ்வாறு விரிய வேண்டும், மணிக்கட்டு எவ்வாறு சுழல வேண்டும் என்பதைப் பழைய குறியீடுகள் முழுமையாகச் சொல்வதில்லை. ஆகவே, அந்நூல்களுக்கு உயிர்கொடுக்க முனையும் இசைஞர் சிலர் இக்கிராமியக் கலைஞரிடம் செவிசாய்க்கின்றனர். இளையோர் கேட்டுப் பழகாதுவிடின், ஏட்டிலிருந்து மட்டும் இக்கலையை மீட்டெடுக்க இயலாது.