மூடுமுன் விழ வேண்டிய கியர்

மதுரையிலிருந்து அழகர்கோவில் வரை சுமார் 20 கிலோமீட்டர் சமவெளிச் சாலையில் குறை காட்டாமல் ஓடும் மோட்டார் சைக்கிள், அங்கிருந்து பழமுதிர்ச்சோலைக்கு ஏறும் மலைச்சாலையில் இரண்டாம் கியரிலிருந்து தானாக நியூட்ரலுக்கு நழுவுவதுண்டு. ஏற்றத்தில் எஞ்சினின் இழுப்பு முழுவதையும் பல்சக்கரங்கள் தாங்க வேண்டியிருப்பதால், அதுவரை மறைந்திருந்த தேய்மானம் அப்போதுதான் வெளிப்படுகிறது.

கியர் லீவர் பல்சக்கரங்களை நேராகத் தொடுவதில்லை. அது ஒரு தண்டைத் திருப்ப, தண்டோடு இணைந்த கொக்கி ‘டிரம்’ எனப்படும் உருளையை மிதிக்கு ஒரு படியாகச் சுழற்ற, உருளையின் வளைந்த பள்ளங்களில் ஓடும் ‘ஃபோர்க்’ எனப்படும் கவைகள் பக்கவாட்டில் நகர்ந்து சக்கரங்களைத் தள்ளுகின்றன. தள்ளப்பட்ட சக்கரத்தின் பக்கத்தில் துருத்தி நிற்கும் கட்டைப்பற்கள் அடுத்த சக்கரத்தோடு கோத்துப் பூட்டிக்கொள்வதையே மெக்கானிக்குகள் ‘கியர் விழுந்தது’ என்பர். அப்பற்களின் விளிம்பு மழுங்கினாலோ, கவை வளைந்து பல் பாதியளவே புகுந்தாலோ, சுமை ஏறியதும் கியர் நழுவிவிடும். விளிம்பை விரல் நகத்தால் வருடினாலே மழுங்கல் தெரியும்.

இந்தக் குறையைச் சரிசெய்து எஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது பலரை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. மேசைமேல் அசையாமல் கிடக்கும் எஞ்சினில் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் சில கியர்கள் விழாமல் போவதற்குப் பல்லோடு பல் முட்டி நிற்பதே காரணம், அது பழுதன்று. ஒரு கையால் பல்சக்கரத் தண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே மறு கையால் லீவரை அசைத்தால் ‘டக்’கென்று விழும். அப்போதும் விழாவிட்டால், லீவரை நடுவுக்குத் திருப்பும் ஸ்பிரிங்கின் இரு கால்களும் அதற்கான முளையின் இருபுறமும் நிற்கின்றனவா, டிரம்மின் நட்சத்திரத் தகட்டுப் போல்ட் இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இவை கிளச் மூடிக்குள்ளேயே இருப்பதால், எஞ்சின் கூடான கிராங்க் கேஸைப் பிளக்க வேண்டியதில்லை. ஆனால் கிராங்க் கேஸை இறுக்குமுன் தடையின்றிச் சுழன்ற பல்சக்கரத் தண்டு, இறுக்கிய பின் இறுகிப்போனால், உள்ளே ஏதோ ஒரு வாஷர் இடம் மாறியிருக்கக்கூடும். அப்போது கேஸை மீண்டும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் கியர்பெட்டி தனியே இருந்ததால், கியர் கோளாறுக்காக எஞ்சினைப் பிளக்க வேண்டியதில்லை. இன்றைய வண்டிகளில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருக்க, மறந்துபோன ஒரு வாஷர் முழு வேலையையும் மறுபடி செய்ய வைக்கிறது. எனவே எஞ்சின் வேலைக்கு வண்டியை விடுபவர், மூடி போடுமுன் எல்லாக் கியர்களையும் கையால் போட்டுக் காட்டும்படி கேட்க வேண்டும். நல்ல மெக்கானிக் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.