அரை இட்லி

"என்னடி இப்படி இளைச்சுப் போய்ட்ட? சுகரா?"

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அரை மணி நேரத்துக்குள் நான்கு பேர் என் அக்காவிடம் இதையே கேட்டார்கள். பத்து மாதத்தில் 34 கிலோ குறைந்திருந்தாள். நம் ஊரில் உடம்பு ஏறினால் 'பூசினாற்போல் இருக்கே' என்று மெச்சுவார்கள். இறங்கினால் துக்கம் விசாரிக்கிற குரல் வந்துவிடும். வயிற்றைக் குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டதை வீட்டுக்கு வெளியே அவள் யாருக்கும் சொல்லவில்லை. "தைராய்டு மாத்திரை மாத்திட்டாங்க அத்தை" என்று சமாளித்துவிட்டுப் பந்திக்குப் போனாள். அங்கே இலை நிறையப் பரிமாறியிருந்தார்கள். அவளால் சாப்பிட முடிந்தது இரண்டு ஸ்பூன் கூட்டும் ஒரு வடையில் பாதியும். பெண்ணின் அப்பாவே வந்து, "சமையல் பிடிக்கலையாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

அக்காவுக்குச் செய்தது 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்குமேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம்போல் ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த வெட்டி எடுத்த பகுதியில்தான். அதனால் முதல் சில மாதங்கள் பசி என்பதே பலருக்கு மறந்துபோகிறது. இன்னொரு வகை 'பைபாஸ்': சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை உண்டாக்கி அதை நேராகச் சிறுகுடலில் இணைப்பது. 1960களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கியது இது. அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த பெண்கள் மெலிந்துபோவதை அவர் கவனித்திருந்தார்.

ஆபரேஷன் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வேலை ஆரம்பித்தது.

முதல் வாரங்களில் நீராகாரம் மட்டும். அம்மா பருப்புத் தண்ணீரை இறுத்து இறுத்துக் கொடுத்தாள். அதில் எல்லாச் சத்தும் இருக்கிறது என்பது அவள் நம்பிக்கை. டயட்டீஷியன் சிரித்துவிட்டார். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்றார். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம் தேறினால் அதிகம். அரை இட்லியில் நிரம்பிவிடும் வயிற்றை வைத்துக்கொண்டு அறுபதை எப்படி எட்டுவது? வழி ஒன்றுதான்: சாப்பாட்டைத் தலைகீழாக்க வேண்டும். நமக்குச் சாதம்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. இனி அவளுக்கு முட்டை, மீன், பன்னீர், சுண்டல் முதலில், பிறகு காய், இடமிருந்தால் இரண்டு வாய் சாதம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முடிந்து அரை மணி கழித்துத்தான். இலைக்குப் பக்கத்தில் சொம்பு வைக்காமல் சோறு போடுவது அம்மாவுக்குப் பாவம் செய்வதுபோல் இருந்தது.

ஒரு நாள் அடுப்படியில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். "நான் ஆசையா ஆக்கிப் போட்டதுதான் அவளுக்கு நோயாயிடுச்சா?" எங்களிடம் பதில் இல்லை. இந்த ஆபரேஷனைப் பற்றிக் கொடுக்கும் கையேடுகளில் நோயாளிக்கு ஐம்பது குறிப்பு இருக்கிறது, பரிமாறுகிறவளுக்கு ஒன்றுகூட இல்லை. பாசத்தைக் கரண்டியால் காட்டியே பழகிய ஒரு பெண்ணிடம், இனி கரண்டியைக் கீழே வை என்று யார் போய்ச் சொல்வது? டயட்டீஷியன்தான் சொன்னார், அடுத்த முறை அம்மாவையும் கூட்டிவரச் சொல்லி. அன்று திரும்பும் வழியில் பாத்திரக் கடையில் இறங்கி, குழந்தைகளுக்குச் சோறூட்டும் எவர்சில்வர் கிண்ணம் இரண்டு வாங்கினாள் அம்மா. என் பார்வையில் அந்த ஆபரேஷன் தேறியது அன்றைக்குத்தான்.

நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வேகமாக எடை குறையும்போது இது வழக்கம், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். அக்காவுக்கும் வளர்ந்தது. வளையல்கள் நழுவின. ரவிக்கையை நாலாவது முறை பிடித்துத் தைக்கக் கொண்டுபோனபோது, "இதுல இனி பிடிக்கத் துணி இல்லக்கா, புதுசு எடுத்துட்டு வாங்க" என்றார் டெய்லர்.

மாத்திரை மட்டும் ஆயுளுக்கும் உண்டு: வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. பி12 உடம்பில் சேர இரைப்பை சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். இரைப்பையே சுருங்கிய பிறகு அது போதுவதில்லை. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு வருடம் ஆனதும் 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்துகிறவர்கள்தான் பிறகு ரத்தசோகையோடும் காலில் மரமரப்போடும் வருகிறார்கள். விடாத வாந்தியைப் 'போகப் போகச் சரியாகும்' என்று விட்டுவைப்பதும் ஆபத்து. பி1 குறைந்து நரம்பு பாதிக்கும். பைபாஸ் செய்தவர்கள் மெடிக்கல் ஷாப்பில் 'உடம்பு வலிக்கு ஒண்ணு குடுங்க' என்று கேட்டு வாங்கும் பழக்கத்தையும் விடவேண்டும். டைக்ளோஃபெனாக், புரூஃபென் வகையறா அந்தச் சிறு பையில் புண்ணாக்கிவிடும். மதுவும் அப்படியே. பைபாஸ் வயிற்றில் அது சட்டென்று ரத்தத்தில் ஏறும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போன இடத்தில் குடி வந்து உட்கார்ந்துகொள்வதை மருத்துவர்கள் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். 'ஒரே ஒரு பெக்' என்கிற நண்பர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெண்களுக்கு இன்னொரு நெருக்கடி. எடை இறங்கினால் மாதவிலக்கு சீராகி, கரு தங்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம்வரை கர்ப்பம் வேண்டாம் என்பது மருத்துவர்களின் கண்டிப்பு. 'குண்டா இருக்கிறதாலதான் தங்கலை' என்று அத்தனை நாள் சொன்ன வாய்கள், தையல் ஆறும் முன்பே 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று கேட்கத் தொடங்கிவிடும்.

எடை கொஞ்சம் திரும்பவும் ஏறும். 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்ட ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் 32 சதவீதம் எடை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25ஆக நின்றது. அந்த வித்தியாசம் இயல்பானது என்று தெரியாமல், தோற்றுவிட்டதாக வெட்கப்பட்டு டாக்டரிடம் போவதையே பலர் நிறுத்திவிடுகிறார்கள். அக்காவும் இரண்டாம் வருடம் 5 கிலோ ஏறியதும் ஒரு ஃபாலோ-அப்பைத் தவிர்த்தாள். அவளை மறுபடி இழுத்துப் போனது ஆஸ்பத்திரி இல்லை, அங்கே பழக்கமான ஏழெட்டுப் பேரின் வாட்ஸ்அப் குரூப். அதில் வைட்டமினைவிடப் பந்திதான் அதிகம் அடிபடும். 'விரதம்னு சொல்லிடுங்க' என்பார் ஒருவர். 'ரிசப்ஷன் பஃபேக்கு மட்டும் போங்க, தட்டு நம்ம கையில இருக்கும்' என்பார் இன்னொருவர். 'உண்மையைச் சொல்லிடறதுதான் சுலபம்' என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மாதம் ஒருமுறை எழுதுவார். யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு அக்காவின் போன் மினுங்கியது. குரூப்புக்குப் புதிதாக வந்தவள், ஏழாவது வாரம். "அக்கா, ஒரு இட்லி முழுசா சாப்பிட்டுட்டேன். உள்ள தையல் பிரிஞ்சிடுமா?"

அக்கா எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தாள்: "காய்ச்சல், படபடப்பு, தாங்கமுடியாத வலி இருக்கா? இருந்தா என்கிட்ட கேட்காத, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"அதெல்லாம் இல்லக்கா. பயமா இருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப எந்திரிச்சுக் கொஞ்சம் நட. நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்."