மழை அந்தப் பக்கம், சூடு இந்தப் பக்கம்

ஜூன் கடைசியில் தென்காசி சாரலில் நனைந்துகொண்டிருக்கும். அங்கிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கிழக்கே பாளையங்கோட்டையில் வெயில் 37 டிகிரியைத் தொட்டிருக்கும். மேல்காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். இரண்டு ஊருக்கும் வருவது ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். “மழையெல்லாம் கேரளாவிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது” என்பது வழக்கமான விளக்கம். காற்றில் ஈரம் குறைந்ததற்கு அது பதில். சூடு ஏறியதற்கு?

காற்று மேலே ஏற ஏற, அதன்மேல் உள்ள அழுத்தம் குறைகிறது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். விரிவதற்குச் சுற்றியுள்ள காற்றைத் தள்ளியாக வேண்டும். அந்த வேலைக்கு வெளியிலிருந்து ஆற்றல் கிடைப்பதில்லை. தன் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, அதனால் குளிர்கிறது. இறங்கும்போது நேரெதிர்: அமுக்கப்பட்டுச் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதும் இதே சங்கதிதான். (உராய்வு என்று பலர் நினைப்பார்கள், பெரும்பங்கு அமுக்கத்தின் வேலை.) மேகம் கட்டாத காற்றுக்கு இந்தக் கணக்கு கறாரானது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் 9.8 டிகிரி குறையும். இறங்கினால் அதே 9.8 கூடும்.

அப்படியானால் மலை ஏறி இறங்கிய காற்று, கிளம்பிய சூட்டிலேயே நெல்லைக்கு வந்திருக்க வேண்டும். கணக்கைக் கலைப்பது மேகம். நீராவி துளியாக மாறும்போது கிராமுக்குச் சுமார் 600 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. அதை வாங்கிக்கொள்வதால், மேகத்துக்குள் ஏறும் ஈரக்காற்று அவ்வளவு வேகமாகக் குளிர்வதில்லை. நம் பருவக்காற்றில் கிலோமீட்டருக்கு நாலரை டிகிரி குறைந்தால் அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருவனந்தபுரம் கடற்கரையில் 28 டிகிரியில் கிளம்பும் காற்று, 500 மீட்டரில் மேகம் கட்டும்போது 23 டிகிரிக்கு வந்திருக்கும். அங்கிருந்து 1,800 மீட்டர் வரை, அதாவது அகத்தியமலை உச்சியை நெருங்கும்வரை, ஆறு டிகிரிதான் குறையும், 17. வழியில் ஈரத்தை மழையாக இறக்கிவிட்டதால் கிழக்கே சரியும்போது மேகம் இல்லை, எனவே முழு வீதத்தில் சூடேறுகிறது. பாளையங்கோட்டையை எட்டும்போது 34. மேகமில்லாத வானத்தின் வெயில் இதற்கு மேல். மேற்குச் சரிவில் பெய்த மழை விட்ட வெப்பம்தான் மலையைத் தாண்டி நெல்லைக்கு வந்து சேர்கிறது.

நிஜக் காற்று இவ்வளவு சொன்னபடி கேட்காது. மழையாகாமல் மிஞ்சிய துளிகள் இறங்கும்போது ஆவியாகி, விட்ட வெப்பத்தில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். மலை தாழ்ந்த இடங்களில் காற்று ஏறாமலே நுழைந்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் சிந்திக்கொண்டு வருவதால்தான் குற்றாலத்துக்குச் சாரல்.

ஆல்ப்ஸ் மலையின் வடக்குச் சரிவில் குளிர்காலத்திலும் வீசும் வெப்பக் காற்று சஹாராவிலிருந்து வருகிறது என்று ஐரோப்பியர்கள் வெகுகாலம் நம்பினார்கள். அது வழியிலேயே, இறங்கும்போது சூடாகிறது என்று 1866இல் காட்டியவர் ஆஸ்திரிய வானிலை அறிஞர் ஜூலியஸ் ஹான். அமெரிக்காவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 காலையில், இப்படி மலையிறங்கிய காற்று வந்து தொட்டதும், மைனஸ் 20ஆக இருந்த வெப்பநிலை இரண்டே நிமிடத்தில் 7 டிகிரி ஆனது.

இறங்கும் காற்று சூடாகும் என்றால், டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் பள்ளங்களில்தானே உறைபனி கொட்டுகிறது? நியாயமான கேள்வி. தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிடுகிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஐம்பது மீட்டர் இறங்கினால் அமுக்கத்தால் கிடைப்பது அரை டிகிரி. விடியவிடியத் தரையிடம் இழப்பது அதைவிடப் பல மடங்கு. தலைகுந்தாவில் புல் வெள்ளையாகிக் கிடக்கும் காலையிலும், மேட்டில் உள்ள தேயிலை பெரும்பாலும் தப்பிவிடும். கருகுவது பள்ளத்தில் இருப்பது.