மழையில்லாத நாளின் கணக்கு



புயல் வந்தால் ஊர் முழுவதும் அறியும். வறட்சியோ ஓசையின்றி வருவது. ‘இன்று பெய்யவில்லை, நாளை பெய்யும்’ என்று நாம் காத்திருக்கும் நாட்களே ஒன்றுசேர்ந்து வறட்சியாகி விடுகின்றன. அவ்வாறாயின், ‘இது வறட்சிதான்’ என்று எதைக்கொண்டு சொல்வது? கள்ளக்குறிச்சிச் சீமையையும் அதன் மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மலையிலுள்ள வெள்ளிமலைக்குச் சென்றிருந்தேன். சாமை விதைத்திருந்த முதியவர் ஒருவரிடம், “மழை எப்படி, பெரியவரே?” என்று வினவினேன். “நேற்று ஓர் உழவு மழை பெய்ததுங்க. இன்னும் ஒன்று பெய்தால் பயிர் தேறிவிடும்” என்றார். ஏர் பூட்டுவதற்கு வேண்டிய அளவு மண் நனைந்தால் அது ஓர் உழவு மழை. நம் உழவர்கள் மண்ணையே மழைமானியாகக் கொண்டிருந்தார்கள். அன்று மாலை நான் கீழே இறங்கியபோது அடிவாரச் சாலையில் புழுதி பறந்துகொண்டிருந்தது!

மலையில் ஈரமும் அடிவாரத்தில் புழுதியுமாக இருப்பதன் காரணம் என்ன? ஈரக்காற்று மலைச்சரிவில் மோதினால் மேலே எழுகிறது. எழுந்த காற்று குளிர்கிறது. குளிரும்போது அதிலுள்ள நீராவி மேகமாகத் திரண்டு மழையாகப் பொழிகிறது. சமவெளியில் இத்தகைய தடை இல்லை. ஆகவே சில கல் தொலைவுக்குள்ளேயே மழையின் அளவு மாறிவிடுகிறது.

இப்பகுதிக்கு இரண்டு பருவமழைகள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இழந்துவிட்டு வருகிறது. அந்நாட்களில் இங்கே கிடைப்பது பெரும்பாலும் மாலைநேர இடிமழையே. அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவமழை, வங்கக் கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகளை நம்பியிருப்பது. தமிழகம் ஆண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி இம்மூன்று மாதங்களில்தான் பெய்கிறது.

கோமுகியும் மணிமுத்தாவும் கல்வராயன் மலையிலே பிறக்கும் ஆறுகள். அணைகளில் தேங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றன. மலையில் மழை பொய்த்தால் முதலில் சாமை வாடும். சில வாரங்கள் கழித்துக் கீழே நெல்லும் கரும்பும் வாடும். பின்னர்க் கிணறுகள் வற்றும். வறட்சி இவ்வாறு படிப்படியாக இறங்கி வருகிறது.

இதனைத் தொடக்கத்திலேயே கண்டறிய உதவுவது மழைமானி. திறந்த வெளியில் வைக்கப்பட்ட ஒரு புனல், அதன் கீழே ஒரு கலம், அளப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழாய், அவ்வளவே. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர்.

பெய்த மழையைப் பல்லாண்டுச் சராசரியோடு ஒப்பிடுகிறது இந்திய வானிலைத் துறை. சராசரியிலிருந்து 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பு. 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்தால் பற்றாக்குறை. 60 விழுக்காடும் அதற்கு மேலும் குறைந்தால் பெரும் பற்றாக்குறை.

2015-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது நினைவிருக்கலாம். அடுத்த ஆண்டே, 2016-இல், வடகிழக்குப் பருவத்தில் 44 சென்டிமீட்டர் பெய்ய வேண்டிய தமிழகத்தில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்தான் பெய்தது. குறைவு 62 விழுக்காடு. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 2019-இல்தான். இரண்டு ஆண்டுகளையும் கூட்டிச் சராசரி கண்டால் அந்தத் துன்பமே மறைந்துபோகும். மலையையும் சமவெளியையும் ஒரே எண்ணில் அடக்கினாலும் அவ்வாறே. இதனாலேயே இடந்தோறும் மழைமானி தேவைப்படுகிறது. செயற்கைக்கோளும் ராடாரும் இன்று வானத்தை நோக்கினாலும், அவற்றின் மதிப்பீட்டைச் சரிபார்ப்பது தரையிலுள்ள இந்தக் கலமே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மழை பெய்யாத நாளில் ஏட்டில் ‘பூஜ்யம்’ என்று எழுத வேண்டும். வெறுமனே விட்டுவிடக் கூடாது. பூஜ்யம் என்றால், பார்த்தோம், மழை இல்லை என்பது பொருள். வெற்றிடம் என்றால், ஒருவரும் பார்க்கவில்லை என்பது பொருள். பயிர் கருகிய உழவன் நிவாரணம் கேட்டு நிற்கும்போது, அவன் சொல்லுக்குத் துணை நிற்பவற்றுள் அந்தப் பூஜ்யங்களின் வரிசையும் ஒன்று. வெற்றிடங்களோ அவனுக்குத் துணை வருவதில்லை.

நண்பர்களே, உங்கள் பள்ளியிலும் இதைத் தொடங்கலாம். அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள ஒரு கலமும் ஓர் அளவுகோலும் போதும். மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். மழைநாளில் எழுதும் உற்சாகம் எல்லோருக்கும் வரும். வெயில் காயும் நாளிலும் சென்று பார்த்துப் பூஜ்யம் எழுதும் மாணவனே வறட்சியை முதலில் அறிவான்.