லினக்ஸுக்கு மாறிய கணினியில் பிரிண்டர் ஓடவில்லையா? புதியது வாங்கும் முன் இதைப் பாருங்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஒதுக்கிவிட்டு ஆயிரம், இரண்டாயிரம் ரிங்கிட் கொடுத்துப் புதியது வாங்க எல்லாக் குடும்பங்களாலும் முடியாது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற திறமூல இயங்குதளங்களுக்கு மாறினால் அதே கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். இவற்றை இலவசமாகவே பதிவிறக்கலாம்.

மாறிய முதல் நாளில் இணையம் வேலை செய்யும், காணொளி ஓடும், ஆவணம் திறக்கும். சிக்கல் பெரும்பாலும் இரண்டாம் வாரம்தான் வரும். நாளை காலை பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய பயிற்றியை அச்சிடப் பிள்ளை வந்து நிற்பான். பொத்தானை அழுத்தினால் இங்க்ஜெட் அச்சுப்பொறி அசையாது. "லினக்ஸுக்கு இது ஒத்துவராது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். புதிய அச்சுப்பொறி வாங்கலாமா, பழையபடி விண்டோஸுக்கே போய்விடலாமா என்ற பேச்சு தொடங்கும்.

இரண்டுமே தேவைப்படாத வீடுகள்தான் அதிகம். கணினியும் அச்சுப்பொறியும் நலமாகத்தான் இருக்கும். இடையில் மொழிபெயர்ப்பாளர் மட்டும் இல்லாமல் இருப்பார்.

அச்சுப்பொறிக்கு எழுத்து தெரியாது

நாம் 'அ' என்று தட்டச்சு செய்து அச்சிடச் சொன்னால், 'அ' என்ற எழுத்து அச்சுப்பொறிக்குப் போவதில்லை. மலிவு விலை இங்க்ஜெட் இயந்திரங்களுக்கு எழுத்தோ பக்க அமைப்போ தெரியாது. எந்த வரியில் எந்த இடத்தில் எந்த நிறத்தில் மைத்துளி விழ வேண்டும் என்ற கணக்கைக் கணினிதான் போட்டுத் தர வேண்டும். அந்தக் கணக்கை அந்தந்த இயந்திரத்துக்குப் புரியும் மொழியில் எழுதித் தருவதே 'டிரைவர்' எனப்படும் இயக்கியின் வேலை. எச்பியின் மொழி வேறு, எப்சனின் மொழி வேறு, கெனனின் மொழி வேறு.

லினக்ஸில் இந்த வேலையை நடத்துவது 'கப்ஸ்' என்ற அச்சுப் பணி மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் என்ற மென்பொருளாளர் உருவாக்கிய இது 1999இல் முதன்முதலாக வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளிலும் இதைத்தான் பயன்படுத்துகிறது. நாம் அனுப்பும் ஆவணத்தை வாங்கி வரிசையில் வைப்பது, இயக்கியைக் கொண்டு மொழிபெயர்ப்பது, யுஎஸ்பி கம்பி வழியே அனுப்புவது ஆகிய மூன்றும் அதன் பொறுப்பு. சிக்கல் எங்கே என்று தேடும்போது இந்த மூன்று படிகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பழைய வழியும் புதிய வழியும்

முன்பு ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனி இயக்கி தேவைப்பட்டது. 2010இல் ஆப்பிள் 'ஏர்பிரிண்ட்' வசதியை அறிமுகப்படுத்திய பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. கைத்தொலைபேசியில் இயக்கியை நிறுவ யாரும் விரும்புவதில்லை. ஆகவே எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான மொழியைப் புரிந்துகொள்ளும் அச்சுப்பொறிகள் சந்தைக்கு வந்தன. இதனால் லினக்ஸுக்கும் பெரிய நன்மை. இத்தகைய அச்சுப்பொறிக்குத் தனி இயக்கி தேவையில்லை.

இந்தப் பொதுமொழியை யுஎஸ்பி கம்பியிலும் பேச 'ஐபிபி-யுஎஸ்பி' என்ற சிறு மென்பொருள் உதவுகிறது. 2021இல் வெளிவந்த டெபியன் 11 பதிப்பு முதல் அந்தக் குடும்பத்தில் இது இடம்பெற்றுள்ளது. வைஃபை வசதியும் உள்ள அண்மைய இயந்திரமாக இருந்தால், கம்பியைச் செருகிய ஒரு நிமிடத்தில் அதன் பெயர் தானாகவே பட்டியலில் தோன்றக்கூடும்.

வைஃபை இல்லாமல் யுஎஸ்பி மட்டுமே உள்ள இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் பழைய வழிதான். எப்சன் எல்3110, எல்3210 போன்ற மைத்தொட்டி வகைகள் இதற்கு எடுத்துக்காட்டு.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

முதலில் கம்பி. அச்சுப்பொறியின் மின்விசையைப் போட்டு, யுஎஸ்பி கம்பியைக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டி வழியாக வேண்டாம். பிறகு அமைப்புகளில் 'பிரிண்டர்ஸ்' பகுதியைத் திறந்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

பெயர் தோன்றவில்லை என்றால், கணினிக்கு அச்சுப்பொறி தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும். 'டெர்மினல்' எனப்படும் கட்டளைத் திரையைத் திறந்து எல், எஸ், யு, எஸ், பி ஆகிய ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி, 'என்டர்' அழுத்துங்கள். யுஎஸ்பியில் இணைந்துள்ள எல்லாக் கருவிகளும் பட்டியலாக வரும். அதில் அச்சுப்பொறி நிறுவனத்தின் பெயர் இருந்தால் கம்பி சரி, இயக்கிதான் தேவை. பெயரே இல்லை என்றால் எந்த மென்பொருளை நிறுவினாலும் பயனில்லை. கம்பியை மாற்றுங்கள், வேறு துளையில் செருகுங்கள்.

அடுத்து 'ஆட்' பொத்தானை அழுத்தி அச்சுப்பொறியைச் சேருங்கள். கடவுச்சொல் கேட்டால், கணினியை நிறுவியபோது வைத்த நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நிறுவனம், மாதிரி எண் என்று பட்டியல் வரும். உங்கள் மாதிரி எண் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

அமைப்புகள் பகுதி கைகொடுக்காவிட்டால் இன்னொரு வாசல் உண்டு. இணைய உலாவியின் முகவரிப் பெட்டியில் ஆங்கிலத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, 631 என்ற எண்ணைச் சேர்த்தால் கப்ஸின் நிர்வாகப் பக்கம் திறக்கும். இது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் பக்கம் என்பதால் இணைய இணைப்பு இல்லாமலும் திறக்கும்.

எந்த நிறுவனத்துக்கு எது?

எச்பி அச்சுப்பொறிக்கு 'எச்பிலிப்' என்ற மென்பொருள் தொகுப்பு. எச்பி நிறுவனமே வழங்கும் இது பெரும்பாலான லினக்ஸ் வகைகளின் மென்பொருள் நிலையத்தில் கிடைக்கும். சில மாதிரிகள் கூடுதலாக ஒரு செருகு நிரலைக் கேட்கும். அதை இறக்க அப்போது இணையம் வேண்டும். அண்மையில் வந்த அச்சுப்பொறி என்றால் எச்பிலிப்பின் பழைய பதிப்பில் அதன் பெயர் இருக்காது.

எப்சனுக்கு 'இஎஸ்சி/பி-ஆர்' இயக்கி. உபுண்டு, டெபியன் களஞ்சியங்களில் இது உண்டு. அங்குள்ள பதிப்பில் உங்கள் மாதிரி இல்லாவிட்டால் எப்சனின் இணையத்தளத்தில் புதிய பதிப்பைத் தேடலாம்.

கெனன் பிக்ஸ்மா வகைகளில் பழையவை பலவற்றைக் 'கட்டன்பிரிண்ட்' என்ற திறமூல இயக்கித் தொகுப்பு தாங்குகிறது. புதியவற்றுக்குக் கெனன் தன் இணையத்தளத்தில் லினக்ஸ் இயக்கியை வைத்துள்ளது. பதிவிறக்கும்போது கோப்பின் வகையைக் கவனியுங்கள். உபுண்டு, மின்ட், டெபியன் பயனர்களுக்கு 'டெப்' கோப்பு. ஃபெடோரா, ஓபன்சூசே பயனர்களுக்கு 'ஆர்பிஎம்' கோப்பு.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஒரே யுஎஸ்பி இணைப்பை ஐபிபி-யுஎஸ்பியும் எச்பிலிப் போன்ற பழைய இயக்கியும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள முடியாது. முன்னது பிடித்துவிட்டால் பின்னது 'அச்சுப்பொறி இல்லை' என்று சொல்லும். இணையத்தில் கண்ட எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவிய கணினிகளில் இந்தக் குழப்பம் வரும். தானாகத் தோன்றிய அச்சுப்பொறி நன்றாக அச்சிட்டால் அதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுவனங்கள் தரும் இயக்கிகள் சில இன்டெல், ஏஎம்டி செயலகங்களுக்காக மட்டுமே தயாரிக்கப்பட்டவை. அவை ராஸ்பெரி பையில் ஓடமாட்டா.

தாள் ஏ4 தானா?

இயக்கி சரியாக அமைந்த பிறகும் அச்சுப்பொறி விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கிறதா? தாள் அளவைப் பாருங்கள். அமைப்பு முறையில் மொழியையும் வட்டாரத்தையும் 'அமெரிக்க ஆங்கிலம்' என்று தேர்ந்தெடுத்திருந்தால், தாள் அளவு அமெரிக்காவின் 'லெட்டர்' என்று பதிவாகியிருக்கலாம். லெட்டர் தாள் 216 மில்லிமீட்டர் அகலமும் 279 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. நாம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பயன்படுத்தும் ஏ4 தாள் 210க்கு 297. தட்டில் இருக்கும் தாளும் கேட்ட தாளும் வேறு என்று கருதிச் சில இயந்திரங்கள் நின்றுவிடும். சில, கடைசி வரிகளை வெட்டிவிட்டு அச்சிடும். அச்சுப்பொறி அமைப்பில் ஒரு முறை, ஆவணத்தின் பக்க அமைப்பில் ஒரு முறை என இரண்டு இடத்திலும் ஏ4 என்று மாற்ற வேண்டும்.

வரிசையில் சிக்கிய வேலைகள்

அச்சிடும்போது கம்பி கழன்றாலோ மின்சாரம் தடைபட்டாலோ கப்ஸ் அந்த அச்சுப்பொறியை 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்று குறித்துவிடக்கூடும். கம்பியை மீண்டும் செருகினாலும் அந்தக் குறி தானாக நீங்காது. இது தெரியாமல் பொத்தானைப் பத்து முறை அழுத்தினால் பத்து வேலைகள் வரிசையில் சேரும். பிறகு யாராவது குறியை நீக்கினால் பத்துப் படிகளும் வந்து விழும். மையும் தாளும் வீண். ஆகவே முதலில் வரிசையைத் திறந்து பழைய வேலைகளை நீக்குங்கள். அதன் பிறகு 'ரெஸ்யூம்' அல்லது 'எனேபிள்' அழுத்துங்கள்.

கோளாறு எந்தப் பக்கம்?

வெற்றுத் தாள் வருகிறது, கோடு கோடாக வருகிறது, ஒரு நிறம் மட்டும் இல்லை என்றால் லினக்ஸைக் குறை சொல்வதற்கு முன் கணினியைத் தொடாமல் ஒரு சோதனை செய்யலாம். பல்செயல் இயந்திரமாக இருந்தால் யுஎஸ்பி கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு தாளை நகலெடுத்துப் பாருங்கள். நகலிலும் அதே குறை இருந்தால் மைத்துளை அடைத்திருக்கிறது. பல வாரம் பயன்படுத்தாமல் கிடக்கும் இங்க்ஜெட்டில் மை உலர்ந்து போவது வழக்கம். துப்புரவுக் கட்டளையைப் பெரும்பாலும் இயந்திரத்தின் பொத்தான்களிலிருந்தே கொடுக்கலாம். ஒவ்வொரு துப்புரவும் மையைத் தின்னும் என்பதால் அளவோடு செய்யுங்கள். நகல் தெளிவாக வந்தால் இயந்திரம் நலம். தேட வேண்டியது கணினியில்.

தமிழ் எழுத்து இடம் மாறினால்

தமிழ் ஆசிரியர்களும் பெற்றோரும் சந்திக்கும் தனிச் சிக்கல் இது. விண்டோஸில் 'லதா' எழுத்துருவில் தயாரித்த பயிற்றியை லினக்ஸில் திறந்தால், லதா அங்கே இருக்காது. அதற்குப் பதிலாக நோட்டோ, லோகித் போன்ற வேறு தமிழ் எழுத்துரு வந்து அமரும். எழுத்து சரியாக இருக்கும். ஆனால் வரி நீளம் மாறிக் கேள்வி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டிய பழைய கோப்பு என்றால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழே தெரியாது.

இதற்கு எளிய வழி, அனுப்புபவரே கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றித் தருவது. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதியப்பட்டுவிடும். எந்தக் கணினியில் அச்சிட்டாலும் ஒரே தோற்றம் கிடைக்கும். பள்ளிப் புலனக் குழுக்களில் இதை வழக்கமாக்கிக்கொண்டால் பல வீடுகளுக்கு உதவியாக இருக்கும்.

ஓர் அச்சுப்பொறியின் பங்கு

திறமூல மென்பொருளின் வரலாற்றில் அச்சுப்பொறிக்கும் இடம் உண்டு. 1980ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கியது. அங்குப் பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்போருக்குத் தகவல் போகும்படி அதன் நிரலைத் திருத்தியிருந்தார். புதியதற்கு மூல நிரல் தரப்படவில்லை, கேட்டபோதும் மறுக்கப்பட்டது. இத்தகைய அனுபவங்களுக்குப் பின் 1983இல் அவர் அறிவித்த குனு திட்டத்தின் மென்பொருள்கள் இன்றைய லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் உள்ளன. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பழுது பார்க்கும் உரிமை யாருக்கு என்பதே அன்றைய கேள்வி. நன்றாக ஓடும் அச்சுப்பொறியை மென்பொருள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வீசும்போது நம் வீட்டிலும் எழ வேண்டியது அதே கேள்விதான்.

மாறும் முன் ஒரு சோதனை

இன்னும் லினக்ஸுக்கு மாறாதவர்களுக்கு ஓர் ஆலோசனை. உபுண்டு, மின்ட் இரண்டையும் கணினியில் நிறுவாமலேயே ஒரு விரலியிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் உள்ளதைத் தொடாமல் 'டிரை' என்ற தேர்வில் நுழைந்து, அச்சுப்பொறியைச் செருகி, ஏ4 தாளில் ஒரு சோதனைப் பக்கம் எடுங்கள். வந்துவிட்டால் துணிந்து மாறலாம். வராவிட்டால் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, 'ஓப்பன்பிரிண்டிங்' இணையத்தளத்திலும் நிறுவனத்தின் லினக்ஸ் பதிவிறக்கப் பக்கத்திலும் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய அச்சுப்பொறி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பும் இதையே செய்யுங்கள். வயதான பெற்றோரின் கணினியை மாற்றிக் கொடுக்கும் பிள்ளைகள் இந்தச் சோதனையை முடித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. இல்லாவிட்டால், அச்சு எடுக்க வேண்டிய அவசரத்தில் அவர்கள் உங்களைத்தான் அழைப்பார்கள்.