பெருக்குகிறவர் மூச்சுக்கு ஒரு யந்திரம்

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட மூன்று வாரங்களில் நம் வீடுகளில் ஒட்டடைக் கோல் வெளியே வருவதும், பரணில் கிடந்த பாத்திரங்கள் கீழே இறங்குவதும், அதே சமயத்தில் பத்திரிகைகளின் முழுப் பக்க விளம்பரங்களில் வாக்குவம் கிளீனர்கள் தள்ளுபடி விலையோடு வரிசையாக நிற்பதும் வருஷந்தோறும் நடக்கிற காரியங்கள். அந்த விளம்பரத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "ஏழெட்டாயிரத்துக்கு மேல் போகக்கூடாது; இதில் எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்று கேட்கிற நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, அவர்கள் வீட்டில் பெருக்குகிறவர் யார் என்பதுதான். விலைக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் யோசிப்பது முகத்தில் தெரியும். ஆனால் இந்த யந்திரத்தின் பூர்வ கதையை அறிந்தவர்களுக்கு அந்தச் சம்பந்தம் உடனே விளங்கிவிடும்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் ஒரு பெரிய கடையில் தரை பெருக்கும் வேலையில் இருந்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர். அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த அவருக்கு ஆஸ்துமா; கம்பளங்களைப் பெருக்கும்போதெல்லாம் எழும்பிய தூசி அவருடைய சுவாசத்தை அடைத்தது; வேலையை விட்டால் ஜீவனம் இல்லை. இந்த நெருக்கடியில் அவர் 1907-ஆம் வருஷம், ஒரு மின்விசிறியின் மோட்டாரையும், சோப்புப் பெட்டி ஒன்றையும், துடைப்பக் காம்பையும், ஒரு தலையணை உறையையும் சேர்த்துக் கட்டித் தமக்கென்று ஒரு சாதனத்தைச் செய்துகொண்டார். மறு வருஷம் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தோல் சாமான்கள் செய்து விற்றுவந்த வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கிப் பெரிய தொழிலாக வளர்த்தார். இங்கிலாந்தில் இன்றைக்கும் வீட்டைச் சுத்தம் செய்வதற்கு அவர் பெயரையே வினைச்சொல்லாக வழங்குகிறார்கள். ஆயினும் மூல புருஷர் ஸ்பாங்லர்தான். இருமிக்கொண்டே பெருக்கிய ஒரு தொழிலாளி, தம் மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த கருவி இது.

அவருக்கும் சில வருஷங்கள் முன்னதாக, 1901-இல், லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற எஞ்சினியர், காற்றை ஊதித் தூசியைக் கிளப்புகிற ஒரு யந்திரத்தின் காட்சியைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று எண்ணினார். நாற்காலியின் மேல் ஒரு கைக்குட்டையை விரித்து அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தபோது, துணியின் அடிப்பக்கத்தில் அழுக்கு படிந்திருந்தது. அவர் கட்டிய யந்திரம் குதிரை வண்டியில் தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் மட்டும் ஜன்னல் வழியே வீட்டுக்குள் நுழையும். அந்தக் குதிரை வண்டி காலத்தோடு போய்விட்டது. ஆனால் அந்தக் கைக்குட்டையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உறிஞ்சுவது பாதி வேலைதான். உறிஞ்சிய காற்றிலிருந்து தூசியைப் பிரித்து நிறுத்துகிற துணிதான் மீதிப் பாதி. இன்று கடைகளில் பேசப்படுவதெல்லாம் முதல் பாதியைப் பற்றியே.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது வாட் கணக்கு. வாட் என்பது மோட்டார் மின்சாரத்தை எவ்வளவு சாப்பிடுகிறது என்பதற்கு அளவேயன்றி, எவ்வளவு சுத்தம் செய்கிறது என்பதற்கு அளவு அன்று. ஐரோப்பிய யூனியன் 2014-இல் புதிதாக விற்பனைக்கு வரும் யந்திரங்களுக்கு 1600 வாட் என்று உச்ச வரம்பு கட்டி, 2017-இல் அதையும் 900 வாட்டாகக் குறைத்துவிட்டது; கம்பளம் விரித்த அந்த நாட்டு வீடுகளுக்கே 900 வாட் போதுமென்றால், மொசைக்கும் டைல்ஸும் பாவிய நம் வீடுகளுக்கு 2000 வாட் என்னத்துக்கு? அடுத்தபடியாகச் சொல்லப்படுவது பாஸ்கல் கணக்கு. இதுவும் முழு உண்மை ஆகாது. கிணற்றுக்கு மோட்டார் போட்டவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள்: பம்பு எத்தனை அடி உயரம் ஏற்றும் என்பது ஒன்று, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் கொட்டும் என்பது வேறொன்று. பாஸ்கல் என்பது, குழாயின் வாயை முழுவதும் அடைத்துப் பிடிக்கும்போது உள்ளே எழுகிற இழுப்பு. அந்த நிலையில் காற்றே ஓடுவதில்லை. தூசியைத் தூக்கிக்கொண்டு போவதோ ஓடுகிற காற்று. இழுப்பும் ஓட்டமும் இரண்டும் தக்க அளவில் சேர்ந்திருந்தால்தான் பிரயோஜனம். பெட்டியின் மேல் இரண்டு கணக்குகளையும் அச்சிட்டிருக்கிற கம்பெனிக்கு நான் ஒரு மதிப்பெண் அதிகம் கொடுப்பேன்.

இனி அந்தக் கைக்குட்டை விஷயத்துக்கு வருவோம். கண்ணுக்குத் தெரிகிற மணலும் தலைமயிரும் மூக்கோடு நின்றுவிடும். அவற்றால் நுரையீரலுக்குப் பெரிய அபாயம் இல்லை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் வருகிற மைக்ரான் என்ற அளவில் பத்துக்குக் குறைந்த துகள்களே உள்ளே இறங்குகின்றன. இரண்டரைக்கும் குறைந்தவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரையில் போய்ச் சேருகின்றன. துடைப்பத்தால் பெருக்கும்போது காலை வெயிற்கீற்றில் மின்னிக்கொண்டு மிதக்கிறதே, அதைவிட நுண்ணிய தூசியும் அதனோடு கூடவே எழும்பி, பெருக்கி முடித்த பிறகும் மணிக்கணக்கில் அறையில் தங்கிவிடுகிறது. வடிகட்டி மட்டமாக இருந்தால், யந்திரமும் இதே காரியத்தைத்தான் இன்னும் வேகமாகச் செய்யும்: முன்பக்கம் உறிஞ்சிய நுண்தூசியைப் பின்பக்கம் அறைக்குள்ளேயே ஊதிவிடும். மனிதன் ஊதினால் என்ன, மோட்டார் ஊதினால் என்ன, பூத் பார்த்து அதிருப்தி அடைந்த அந்தப் பழைய யந்திரமாகவே அது ஆகிவிடுகிறது.

ஹெப்பா என்ற வடிகட்டி, அமெரிக்க நிர்ணயப்படி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தை நிறுத்தவேண்டும். இவ்வளவு கடுமையான இலக்கணம் உள்ள ஒரு பெயரை, 'ஹெப்பா மாதிரி' என்றும் 'ஹெப்பா தரம்' என்றும் வளைத்து எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள். எந்த வகுப்பு, எத்தனை சதவீதம் என்று எழுதாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. வடிகட்டி நன்றாக இருந்து, அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு சரியாகப் பொருந்தாவிட்டாலும் பயன் இல்லை. காற்று சுலபமான வழியைத்தான் தேடும். கடையில் யந்திரத்தை ஓடவிட்டு, காற்று வெளியேறும் துவாரத்தின் அருகே ஒரு வெள்ளைக் கைக்குட்டையைச் சில நிமிஷங்கள் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கோலமாவை உறிஞ்சச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கலாம், பணம் நம்முடையது.

வகைகளில், பேட்டரியில் ஓடும் கம்பு மாதிரி யந்திரங்கள் பார்ப்பதற்கு லட்சணமானவை, எடுத்துப் புழங்கவும் சௌகரியமானவை. ஆனால் முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலானவை பத்து நிமிஷத்தை ஒட்டியே நிற்கும். சில வருஷங்களில் பேட்டரி சோர்ந்துபோகும். மாற்றுப் பேட்டரியின் விலையைக் கேட்டுவிட்டுப் பிறகு யந்திரத்தின் விலையைச் சல்லிசு என்று சொல்வது உசிதம். தானே ஊர்ந்து பெருக்கும் ரோபோ நம் பட்ஜெட்டுக்கும் உகந்ததன்று, நிலைப்படிகள் உயர்ந்த பழைய வீடுகளுக்கும் உகந்ததன்று. கையடக்கமானவை காருக்கும் அலமாரிக்கும் சரி. எஞ்சுவது, சக்கரத்தின் மேல் இழுத்துக்கொண்டு போகிற சிறிய பெட்டி வகையும், ஈரத்தையும் உலர்ந்ததையும் ஒருங்கே உறிஞ்சும் டிரம் வகையும். இன்றைய விலையில் சுமார் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாய்க்குள் இவை இரண்டும் அகப்படுகின்றன. குழாயடியில் தேங்கும் தண்ணீர், மழை நாளில் பால்கனியில் நிற்கும் தண்ணீர் ஆகியவற்றையும் எடுக்க வேண்டியவர்கள் டிரம்மை வாங்கலாம். இடம் சுருங்கிய அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்குப் பெட்டியே மேல்.

எதை வாங்கினாலும் பை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பை இல்லாத யந்திரத்தில் பை வாங்கும் செலவு மிச்சம் என்பது மெய்தான். ஆனால் வாரம் முழுவதும் சேர்ந்த தூசியைக் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கிற அந்த ஒரு நிமிஷத்தில், கவிழ்க்கிறவர் அதில் ஒரு பங்கைச் சுவாசித்துவிடுகிறார். வாய் மூடிய காகிதப் பையை அப்படியே எடுத்து எறிந்துவிடலாம். துணிப் பை இரண்டுக்கும் நடுவே. அதை வெளியே எடுத்துப் போய், மூக்கைக் கட்டிக்கொண்டு உதற வேண்டும்.

என் வீட்டுக்கு முதலில் வந்த யந்திரம், பெயர் சொல்ல வேண்டியதில்லாத ஒரு கம்பெனியுடையது. மோட்டாருக்கு ஒரு குறையும் வரவில்லை. மூன்றாவது வருஷம் குழாய் மடிப்பில் கீறல் விட்டது. இரண்டு மாத காலம் தொலைபேசியில் அலைந்த பிறகு, "அந்த மாடல் நின்றுவிட்டது, ஸார்" என்ற பதில் கிடைத்தது. கீறலின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒரு வருஷம் ஓட்டினோம். பிறகு நல்ல மோட்டாரைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டோம். அன்று முதல், கடைக்குப் போனால் நான் முதலில் விசாரிப்பது குழாய், பை, வடிகட்டி, கார்பன் பிரஷ் ஆகிய நான்கும் தனித்தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் நம் ஊரில் இருக்கிறதா என்பதையே. கோயமுத்தூரிலும் சென்னையிலும் இருக்கிறவர்களுக்கு எளிதாகக் கிடைப்பது தேவகோட்டையில் இருப்பவருக்குக் கிடைக்காமல் போகலாம். ஊரில் பழுது பார்க்க ஆள் இருக்கிற சாதாரண யந்திரம், ஆள் இல்லாத உயர்ந்த யந்திரத்தைவிட மலிவானது.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1200 வாட் யந்திரத்தை வாரம் இரண்டு தடவை அரை மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதக் கணக்கில் பத்து யூனிட்டைச் சுற்றியே நிற்கும். பிளக்கைப் பற்றி மட்டும் கவனம் வேண்டும். 1200 வாட் யந்திரம் ஐந்து ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். 1600 வாட் யந்திரம் ஏழு ஆம்பியர் இழுக்கும். சிறிய பிளக்கின் வரம்பு ஆறு ஆம்பியர். ஆகையால் பெரிய யந்திரத்தை வாங்கிக்கொண்டு வந்து, சிறிய பிளக்கில் சாதாரண எக்ஸ்டென்ஷன் ஒயரை மாட்டி ஓட்டுவது ஆபத்து. ஒயர் சூடேறுவதைக் கையால் தொட்டே அறியலாம்.

இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதைத் தரை பெருக்குவதற்கு மட்டும் உபயோகிப்பது வீண். வழவழப்பான தரையைத் துடைப்பமும் ஈரத்துணியும் ஓரளவு சமாளித்துவிடும். துடைப்பம் போக முடியாத இடங்கள் வேறு. முன்பெல்லாம் இலவம்பஞ்சு மெத்தைகளை மொட்டை மாடிக்குச் சுமந்துபோய், வெயிலில் போட்டு, கம்பால் தட்டி எடுப்பார்கள். மூன்றாவது மாடியில் குடியிருக்கிறவருக்கு அந்த மாடியும் இல்லை, ஆளை விழுங்குகிற கனமுள்ள இன்றைய மெத்தையைச் சுமக்கிற தெம்பும் இல்லை. மெத்தையில் மனிதத் தோலின் செதிள்களைத் தின்று வாழும் தூசி உண்ணிகள், கால் மில்லிமீட்டர் அளவுள்ளவை, ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் செழித்து வளருகின்றன; அவற்றின் எச்சமே பலருக்கு அதிகாலைத் தும்மலுக்கும் மூச்சிரைப்புக்கும் காரணம். யந்திரம் அந்த எச்சத்தில் கணிசமான பகுதியை இழுத்துவிடும். நூலைப் பற்றிக்கொண்டிருக்கும் உண்ணிகள் எல்லாவற்றையும் இழுத்துவிடாது. விரிப்பையும் உறையையும் 55 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் துவைத்தால் அவை மடியும். இரண்டும் சேர்ந்தால்தான் குழந்தையின் இருமல் தணிவதைப் பார்க்க முடியும். மெத்தைக்கு அடுத்தபடி ஸோபாவின் இடுக்கு, புத்தக அலமாரி, ஜன்னலின் கொசுவலை, மின்விசிறி இறக்கை. ஆகவே குழாய் நீளமாக இருக்கிறதா, சப்பை மூக்கும் உருண்டைப் பிரஷும் கூட வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கம்பளத்துக்கென்று சுழலும் பிரஷுக்காகத் தனியே பணம் கொடுப்பது நம்மில் பெரும்பாலோருக்கு அநாவசியம்.

உறிஞ்சக் கூடாதவையும் உண்டு. கனல் அடங்காத ஊதுவத்திச் சாம்பல் பையைப் பொசுக்கிவிடும். சிமெண்டுத் தூளும், நிறையச் சிந்திய மாவும், விபூதியும் வடிகட்டியின் கண்களை அடைத்துவிடும். அடைத்தால் ஓட்டம் குறையும். அந்தக் காற்றே மோட்டாரைக் குளிர வைப்பதால் மோட்டார் கொதிக்கும். சத்தம் திடீரென்று கீச்சென உயர்ந்தால் எங்கேயோ அடைப்பு என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும். கழுவத்தக்க வடிகட்டியைக் கழுவியபின் ஒரு முழு நாள் நிழலில் உலர்த்தாமல் மாட்டினால் பூஞ்சை பிடித்து, வீடெங்கும் பாசி நாற்றத்தை ஊதும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், 1000-லிருந்து 1400 வாட்டுக்குள், காகிதப் பை பொருத்தக்கூடியதாய், வகுப்பு எழுதிய ஹெப்பா வடிகட்டியும் நீண்ட குழாயும் உடையதாய், உதிரிப் பாகங்கள் நம் ஊரில் கிடைப்பதாய் உள்ள ஒரு பெட்டி யந்திரமோ டிரம் யந்திரமோ நடுத்தரக் குடும்பத்துக்குப் போதும் என்பது என் தீர்ப்பு. வாங்கிய பிறகு அதை விருந்தாளிகள் பார்க்கும்படி கூடத்து மூலையில் உறை போட்டு நிறுத்திவிட்டு, வேலைக்கு வருகிற அம்மாளிடம் பழைய துடைப்பத்தையே நீட்டிவிடாதீர்கள். முதல் நாளே அதை அவர் கையில் கொடுங்கள். பையைக் கழற்றுவதையும் வடிகட்டியை மாட்டுவதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக நின்று காண்பித்துக் கொடுங்கள். பையை மாற்றும் நாளில் மூக்கை மூடிக்கொள்ள நல்ல முகக்கவசம் ஒன்றையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.