சேல்ஸ் ஆப்பில் சூப்பர்வைசர் 'ரோல்': ரெப் போட்ட ஆர்டரை யார் திருத்தலாம்?

கடை கடையாக ஏறி இறங்கும் சேல்ஸ் ரெப்பின் ஆர்டர் இப்போது பல நிறுவனங்களில் மொபைல் ஆப்பில்தான் பதிவாகிறது. இன்சென்டிவ் கணக்குக்கும் அதுதான் ஆதாரம். அதில் சூப்பர்வைசர் எந்த அளவுக்குக் கை வைக்கலாம்? சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளை உதாரணமாகப் பார்ப்போம்.

ரோல் வேறு, புரொஃபைல் வேறு

யாருடைய பதிவுகள் கண்ணில் படும் என்பதை 'ரோல்' சொல்லும். இது ஏணி மாதிரி. மேல்படியில் இருப்பவருக்குக் கீழே உள்ளவர்களின் பதிவுகள் கிடைக்கும். பார்க்க மட்டுமா, திருத்தவும் செய்யலாமா என்பதை 'புரொஃபைல்', 'பெர்மிஷன் செட்' முடிவுசெய்யும். திருத்தும் அனுமதி இருந்தால், ரெப் போட்ட ஆர்டரை சூப்பர்வைசரும் மாற்றலாம்.

கவனிக்க வேண்டியவை

* அடிப்படை ஷேரிங் 'பிரைவேட்' ஆக இல்லையென்றால், பக்கத்து ஏரியா ரெப்பும் பதிவைப் பார்த்துவிடலாம்.
* ரெப்புக்கு ஏரியா மாறினால் ரோலையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பழைய சூப்பர்வைசரின் பார்வையிலேயே இருப்பார்.
* 'ஃபீல்ட் ஹிஸ்டரி' வசதியை முதல் நாளே ஆன் செய்வது நல்லது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று அது காட்டும். ஆன் செய்வதற்கு முன் நடந்த மாற்றங்கள் அதில் வராது.

"நான் போட்ட ஆர்டர் குறைஞ்சிருக்கு" என்று ரெப் கேட்கும்போது, பதில் சொல்லப்போவது அந்தப் பதிவுதான்.